கூட்டிப் பெருக்கற அக்காவுக்கு எதுக்கு ட்ரெயினிங்?

கிருஷ்ணகிரியிலேர்ந்து ஒரு நர்ஸ் சிஸ்டர் எழுதியிருக்காங்க. பேரும் சென்டர் பேரும் போட வேணாம்னு கேட்டுக்கிட்டாங்க. விஷயம் இதுதான். அவங்க ஸ்கேன் சென்டர்ல சிடி ரொம்ப காலமா இருக்கு, இப்ப புதுசா 1.5 டெஸ்லா எம்ஆர்ஐ போட்டிருக்காங்க. எம்ஆர்ஐன்னா உள்ள பெரிய காந்தம் இருக்கற ஸ்கேன் மெஷின், டெஸ்லாங்கறது அந்தக் காந்தத்தோட பலத்த சொல்ற அளவு. மெஷின் போட்டப்ப கம்பெனி ஆளு வந்து இங்கிலீஷ்ல ஒரு பிபிடி ஓட்டிட்டு எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கிட்டு போயிட்டாரு. போன வாரம் ராத்திரி ஹைவேல அடிபட்ட கேஸ் ஒண்ணு வந்திருக்கு, பேஷண்ட்டோட மச்சான் அவசரத்துல ஆக்சிஜன் சிலிண்டர தோள்ல போட்டுக்கிட்டு நேரா எம்ஆர்ஐ கதவு வரைக்கும் போயிட்டாராம், டெக்னீஷியன் கத்தினதாலதான் நின்னாரு. மறுநாள் ஓனர் சிஸ்டர கூப்பிட்டு "நீங்களே ஒரு ட்ரெயினிங் குடுத்துருங்க, டெக்னீஷியனுக்கும் நர்சுங்களுக்கும் போதும், கூட்டறவங்களுக்கெல்லாம் எதுக்கு டைம் வேஸ்ட்டு"ன்னு சொல்லியிருக்காரு. கூடவே ரெண்டு சந்தேகம் கேக்கறாங்க: கூட்டற அக்கா "கதிர் வருது"ன்னு எம்ஆர்ஐ பக்கமே போக மாட்டேங்கறாங்க, ஆனா சிடி ரூமுக்குள்ள எப்ப வேணா போய்ட்டு வராங்க. ரிசப்ஷன்ல இருக்கற பொண்ணு 3 மாசம் முழுகாம இருக்கு, அது அங்க இருக்கலாமா கூடாதா?

சிஸ்டர், உங்க ஓனர் சொன்னத அப்படியே தலைகீழா திருப்பிப் போடுங்க. ட்ரெயினிங் ஆரம்பிக்க வேண்டியதே கூட்டற அக்காகிட்டயும் வாட்ச்மேன்கிட்டயும் ஸ்ட்ரெச்சர் தள்ற தம்பிகிட்டயும் ஆம்புலன்ஸ் டிரைவர்கிட்டயும்தான். டெக்னீஷியன் இதப் படிச்சிட்டுத்தான் வந்திருக்காரு, சிலிண்டரப் பாத்ததும் கத்தணும்னு அவருக்கு தெரியும். ஆனா அந்த மச்சான் எம்ஆர்ஐ கதவுக்கு வர்றதுக்கு முன்னாடி எத்தனை பேர தாண்டி வந்திருப்பாரு யோசிங்க. கேட்டுல வாட்ச்மேன், ரிசப்ஷன், ஸ்ட்ரெச்சர் தம்பி, காரிடார்ல துடைச்சிட்டு இருந்த அக்கான்னு அத்தனை பேரும் சிலிண்டரப் பாத்தும் ஒருத்தரும் வாய தொறக்கல, ஏன்னா அது தப்புன்னு அவங்களுக்கு யாருமே சொல்லல. டெக்னீஷியன் அந்த நேரம் பாத்ரூம் போயிருந்தா?

மும்பைல 2018 ஜனவரில நடந்தது இதேதான். ஒரு பெரிய ஆஸ்பத்திரில, சொந்தக்காரங்களுக்கு ஸ்கேன் எடுக்க கூட வந்த 32 வயசு ஆளு, சிலிண்டர எடுத்துட்டு எம்ஆர்ஐ ரூமுக்குள்ள போனாரு. மெஷின் ஆஃப்லதான் இருக்கு, கொண்டு போங்கன்னு வார்டு ஸ்டாஃப் ஒருத்தர் சொன்னதா குடும்பத்துக்காரங்க சொன்னாங்க. காந்தம் சிலிண்டரோட சேத்து ஆளையும் இழுத்துருச்சு, சிலிண்டர் லீக் ஆகி அந்த மனுஷன் உயிர் போச்சு. போலீஸ் கேஸ்ல டாக்டரும் மாட்டினாரு, வார்டு ஆளும் மாட்டினாரு. இத உங்க ஓனர்கிட்ட கண்டிப்பா சொல்லுங்க, சில பேருக்கு கேஸ்னு சொன்னாதான் காது கேக்கும். அதுக்கு முன்னாடி 2014ல நவி மும்பைல இன்னொன்னு, அங்க மாட்டினது ரெண்டு ஸ்டாஃபே, சிலிண்டருக்கும் மெஷினுக்கும் நடுவுல சுமார் 4 மணி நேரம் சிக்கிக் கெடந்தாங்க. 2025 ஜூலைல நியூயார்க் பக்கம் ஒருத்தர் எக்சர்சைஸுக்காக கழுத்துல சுமார் 9 கிலோ இரும்புச் சங்கிலி போட்டிருந்தவரு, மனைவிய எழுப்பி விடறதுக்காக ஸ்கேன் ரூமுக்குள்ள போயி செத்துப் போனாரு. இதுல யாருமே மெஷின ஓட்டத் தெரியாததால மாட்டலங்க, கதவுல தடுத்து நிறுத்த ஆளில்லாமதான் மாட்டியிருக்காங்க.

சரி, என்ன சொல்லிக் குடுக்கறது. ட்ரெயினிங்ல ஒரே ஒரு விஷயம்தான் மண்டைல ஏறணும்னா அது இதுவா இருக்கட்டும்: அந்தக் காந்தம் ஆஃப்பே ஆகாது. ராத்திரி 2 மணிக்கும் ஆன்லதான், ஞாயித்துக்கிழமையும் ஆன்லதான், பொங்கலுக்கு சென்டர் பூட்டியிருந்தாலும் ஆன்லதான். முக்கியமா கரண்ட் போனாலும் ஆன்லதான், இத ரெண்டு தடவ சொல்லுங்க, ஏன்னா நம்ம ஊர்ல கரண்ட் போச்சுன்னா எல்லா மெஷினும் செத்துருச்சுன்னுதான் எல்லாரும் நெனைப்பாங்க. உள்ள இருக்கற கம்பிச் சுருள திரவ ஹீலியத்துல மைனஸ் 269 டிகிரிக்கு குளிர வெச்சிருக்காங்க, அந்தக் குளிர்ல கம்பிக்கு மின்தடையே கெடையாது, ஒரு தடவ ஏத்தி விட்ட கரண்ட் அது பாட்டுக்கு சுத்திக்கிட்டே இருக்கும், வெளியிலேர்ந்து சப்ளை வேண்டியதில்ல. ஸ்கேன் ஓடாதப்பகூட அந்த ரூம்ல சக் சக்னு ஒரு சத்தம் கேக்கும் பாருங்க, அது ஹீலியத்த குளிர்ச்சியா வெச்சிருக்கற பம்ப்போடது. அந்த சத்தம் நின்னாலும் காந்தம் நின்னுருச்சுன்னு அர்த்தம் இல்ல.

எவ்வளவு பலம்னு கேப்பாங்க. 1.5 டெஸ்லான்னா 15,000 காஸ் (Gauss, இதுவும் காந்த பலத்த சொல்ற அளவுதான், டெஸ்லாவ விட சின்னது). பூமியோட காந்தம் சுமாரா அரை காஸ்தான் இருக்கும், அப்ப 30,000 மடங்கு. ஆனா நம்பர விட இன்னொன்னு முக்கியம். புது மெஷின்ல எல்லாம் காந்தப்புலம் வெளிய பரவாம இருக்க ஷீல்டிங் குடுத்திருப்பாங்க, அதனால ரூம் வாசல்ல நின்னா ஒண்ணுமே தெரியாது, நாலு எட்டு வெச்சாலும் லேசாதான் இழுக்கும், அட இவ்ளோதானான்னு இன்னொரு எட்டு வெச்சீங்கன்னா கையில இருக்கறது கையில இருக்காது. கிட்டப் போகப் போக மெதுவா கூடாம திடுதிப்புன்னு கூடும். "நான் கெட்டியா புடிச்சிக்கறேன்"னு சொல்ற பலசாலிகதான் இதுல ஏமாறுறது.

எப்படி சொல்லிக் குடுக்கறதுங்கறதுல எனக்கு கொஞ்சம் பிடிவாதமான கருத்து உண்டு, தர்மபுரி கிருஷ்ணகிரி ரெண்டு பக்கமும் போயி க்ளாஸ் எடுத்த அனுபவத்துல சொல்றேன், பிபிடிய தூக்கிப் போடுங்க. காரிடார்ல ஒரு மேஜையப் போட்டு, தினமும் உங்க சென்டருக்குள்ள வர்ற சாமானெல்லாம் அது மேல பரப்புங்க. ஆக்சிஜன் சிலிண்டர், வீல்சேர், ஐவி ஸ்டாண்டு, கத்தரிக்கோல், ஸ்டெத்தாஸ்கோப், மாப் பக்கெட்டு, பேனா, சாவிக்கொத்து, செல்போன், ஊக்கு, ஹேர்பின், பாட்டிங்களோட சுருக்குப்பை, அதுக்குள்ள இருக்கற பாக்குவெட்டி. ஒவ்வொருத்தரையா கூப்பிட்டு, எது உள்ள போகலாம் எது போகக்கூடாதுன்னு பிரிச்சு வைக்கச் சொல்லுங்க. தப்பா வெச்சா உடனே திருத்தாதீங்க, பக்கத்துல இருக்கறவங்கள கேளுங்க, அவங்களே அடிச்சிக்குவாங்க, அதுல கத்துக்கறது பிபிடில வராது. எவர்சில்வர் டம்ளர்ல கண்டிப்பா சண்டை வரும், "எவர்சில்வர் காந்தத்துல ஒட்டாது மேடம்"னு ஒருத்தர் சொல்வாரு. சிலது ஒட்டாது, சிலது ஒட்டும், கண்ணால பாத்து சொல்ல முடியாது. அதனால ரூல் சிம்பிள், லேபிள் ஒட்டி பர்மிஷன் குடுத்தது தவிர எதுவும் உள்ள போகாது. பச்ச சதுரம் போட்டிருந்தா பிரச்சனையில்ல, மஞ்ச முக்கோணம்னா சில கண்டிஷனோட போகலாம், டெக்னீஷியன கேக்கணும், செவப்பு வட்டத்துல குறுக்குக் கோடு போட்டிருந்தா கதவத் தாண்டக்கூடாது. எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்கும் இந்தக் கலர் போதும்.

ஒரு விஷயம், சிலிண்டர்ல அலுமினியம்னு தனியா வருது, அது எம்ஆர்ஐக்கு ஆகும்னு வாங்கி வைப்பாங்க. வாங்குங்க, நல்லது. ஆனா அது எந்நேரமும் எம்ஆர்ஐ பக்கமே இருக்கணும், மத்த சிலிண்டரோட கலந்துச்சுன்னா ராத்திரி தூக்கத்துல இருக்கற ஆளுக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. என்னக் கேட்டா, ஆக்சிஜன் பேஷண்ட்ட ரூம் சுவத்துல இருக்கற பைப் லைன்ல மாத்திக் குடுத்துட்டு சிலிண்டர வெளியவே நிறுத்தறதுதான் நிம்மதி.

பேஷண்ட்ட செக் பண்றது டெக்னீஷியன் வேலைன்னு விட்டுறாதீங்க, நம்ம ஊரு பொம்பளைங்களுக்கு அத ஒரு பொம்பள ஸ்டாஃப்தான் கேக்க முடியும். "மெட்டல் ஏதாச்சும் இருக்கா"ன்னு கேட்டா "இல்லீங்க"ன்னுதான் பதில் வரும். தாலிச் சரட்டுல ஊக்கு மாட்டியிருக்கறது, ஜாக்கெட்டுல ஹூக்குக்கு பதிலா ஊக்கு, முந்தானைல ஊக்கு, இடுப்புல வெள்ளி அரணாக்கொடி, அதுல தாயத்து, கால்ல கழட்டவே முடியாத மெட்டி, இதெல்லாம் அவங்க கணக்குல மெட்டலே இல்ல, உடம்போட ஒரு பாகம். தங்கமும் வெள்ளியும் காந்தம் இழுக்காது, ஆனா கொக்கி இரும்பா இருக்கலாம், ஸ்கேன் ஓடும்போது சூடாகவும் செய்யும். தாலிய கழட்டச் சொன்னா அழற பெரியம்மாங்க உண்டு, மஞ்சக் கயித்துல மாத்திக் கட்டி விடுங்க, அதுக்கு ரெண்டு மஞ்சக் கயிறு எப்பவும் ட்ராயர்ல வெச்சிருங்க. ஆம்பளைங்கன்னா பட்டாப்பட்டி ட்ராயர் பாக்கெட்டுல போனும் சில்லறையும். குழந்தைங்க இடுப்ப தொட்டுப் பாத்துட்டுதான் உள்ள விடணும். ட்ரெஸ் மாத்த வைக்கறதுதான் ஒரே வழி, கேட்டுட்டு நம்பறது வழி இல்ல.

நம்ம மாவட்டத்துக்குன்னே ஒரு கேள்விய ஃபார்ம்ல சேருங்க: கண்ணுல எப்பவாச்சும் இரும்புத் தூள் பட்டுச்சா? ஓசூர் சிப்காட்ல லேத்து, கிரைண்டிங், வெல்டிங்னு வேல செஞ்சவங்க நம்ம பக்கம் எத்தன பேரு, கிரானைட் குவாரில உளி அடிச்சவங்க எத்தன பேரு. கண்ணுக்குள்ள சின்னத் துணுக்கு வருஷக்கணக்கா வலியில்லாம உக்காந்திருக்கும், காந்தத்துகிட்ட போனா அது நகரும், பார்வையே போயிரும். சந்தேகம்னா முதல்ல கண்ணுக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாத்துட்டுதான். இத ஸ்டாஃபுக்கும் கேக்கணும்னு பல பேருக்கு தோணறதில்ல. உங்க வாட்ச்மேன் முன்னாடி எங்க வேல பாத்தாரு கேட்டுப் பாருங்க, பாதி பேரு கம்பெனிலேர்ந்து வந்தவங்களாதான் இருப்பாங்க. யாருக்கு பேஸ்மேக்கர், யாருக்கு தலைல க்ளிப்பு, காதுல காக்ளியர் இம்ப்ளான்ட், யாருக்கு உடம்புல பிளேட்டுன்னு எல்லா ஸ்டாஃபுக்கும் ஒரு தடவ ஃபார்ம் போட்டு வாங்கிருங்க, நடுவுல ஆபரேஷன் ஏதாச்சும் ஆனா மறுபடியும். அப்புறம் உங்க பக்கம் தெலுங்கு, கன்னடம், உருது பேசறவங்க இருக்காங்க, சிப்காட்ல வேல பாக்கற இந்திக்கார பசங்க வேற, ஃபார்ம் தமிழ்ல மட்டும் இருந்தா பத்தாது.

கதவு விஷயம். 2001ல நியூயார்க் மாநிலத்துல 6 வயசுப் பையன் ஒருத்தன் இதே மாதிரி சிலிண்டர் பறந்து செத்தான், அதுக்கப்புறம் 2002ல அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ரேடியாலஜிங்கற ஸ்கேன் டாக்டர்ங்களோட அமைப்பு ஒரு வழிகாட்டுதல் போட்டாங்க, அதுல வந்ததுதான் நாலு சோன் கணக்கு. ரோடு, பார்க்கிங் எல்லாம் 1, ரிசப்ஷனும் ட்ரெஸ் மாத்தற எடமும் 2, டெக்னீஷியன் உக்காந்து மெஷின ஓட்டற கன்சோல் ரூம் 3, காந்தம் இருக்கற ரூம் 4. மூணாவதுக்குள்ள ட்ரெயினிங் ஆகாதவன் தனியா போகவே கூடாது, பூட்டு இருக்கணும். உங்க சென்டர்ல ராத்திரி சாவி யார்கிட்ட இருக்குன்னு எழுதல, அத பாருங்க. ஏசி மெக்கானிக், யூபிஎஸ் பாக்க வர்ற பையன், தரைய பாலிஷ் போடற மெஷினோட வர்ற கான்ட்ராக்ட் ஆளு, இவங்கதான் டூட்டி முடிஞ்ச நேரத்துல வர்றவங்க. அடிபட்ட கேஸ்னா கூட போலீஸும் வரும், இடுப்புல துப்பாக்கியோட. தொப்பூர் கணவாய்லேர்ந்து வர்ற கேஸுக்கெல்லாம் பத்துப் பேரு கூட ஓடி வருவாங்க, எல்லாரையும் ரெண்டாவது சோன்லயே நிறுத்த ஒரு ஆளு ராத்திரிலயும் வேணும்.

இனிமேதான் கஷ்டமான பாகம். வாட்ச்மேனுக்கு எல்லாம் தெரிஞ்சிருச்சு, சரி, பெரிய டாக்டரு பாக்கெட்டுல கத்தரிக்கோலோட விறுவிறுன்னு உள்ள போறாரு, வாட்ச்மேன் "சார் நில்லுங்க"ன்னு சொல்வாரா? சொல்ல மாட்டாரு, வேல போயிரும்னு பயம். அதனால ட்ரெயினிங் அன்னிக்கு ஓனர் வந்து எல்லார் முன்னாடியும் தன் வாயால சொல்லணும், என்னையே நிறுத்தினாலும் நான் கோவிச்சிக்க மாட்டேன்னு. சொன்னா பத்தாது, அங்கயே செஞ்சு காட்டணும். ஓனர் போன கையில வெச்சிக்கிட்டு உள்ள போற மாதிரி நடக்கட்டும், கூட்டற அக்கா கைய குறுக்க நீட்டி "நில்லுங்க சார்"னு சொல்லட்டும். எல்லாரும் சிரிப்பாங்க, சிரிக்கட்டும், அது மனசுல நிக்கும். இதுக்கு ஓனர் ஒத்துக்கலேன்னா மத்த ட்ரெயினிங் எல்லாம் ஃபைல்ல வைக்கத்தான் ஆகும்னு நான் சொன்னதா சொல்லுங்க.

எமர்ஜென்சி பழக்கம் மூணாச்சும் குடுத்துருங்க. பேஷண்ட் உள்ள மூச்சு பேச்சில்லாம போயிட்டா, எல்லாரும் சாமானத் தூக்கிட்டு உள்ள ஓடறதுதான் இயல்பு, அதுதான் ஆபத்தே. சிபிஆர் (நெஞ்ச அமுக்கற முதலுதவி) ஆரம்பிச்சிக்கிட்டே பேஷண்ட்ட வெளிய இழுத்துட்டு வரணும், கதவ சாத்திரணும், டீஃபிப்பும் (இதயத்துக்கு ஷாக் குடுக்கற மெஷின்) க்ராஷ் கார்ட்டும் (எமர்ஜென்சி மருந்து, சாமான் வண்டி) வெளியதான் நிக்கணும். ரெண்டாவது, வீல்சேரோ ஏதோ போயி மெஷின்ல ஒட்டிக்கிச்சு, ஆளுக்கு ஒண்ணும் ஆகல: யாரும் போயி இழுக்காதீங்க, ரூம பூட்டிட்டு சர்வீஸ் இன்ஜினியருக்கு போன் போடுங்க. மூணாவது, ஆளு நசுங்கிக் கெடந்தா மட்டும் குவென்ச் பட்டன், அதாவது காந்தத்த நிறுத்தற பட்டன். அந்தப் பட்டன அமுக்கினா திரவ ஹீலியம் கொதிச்சு சுமார் 700 மடங்கு விரிஞ்சு வாயுவாகி பைப் வழியா மொட்டை மாடிக்கு போகும், காந்தம் ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல செத்துரும், மறுபடி ஏத்தறதுக்கு லட்சக்கணக்குல ஆகும், ஆனா உசுருக்கு முன்னாடி அதெல்லாம் பாக்கக் கூடாதுன்னு தெளிவா சொல்லிருங்க. பைப் அடைச்சிருந்தா வாயு ரூம்லயே நெறையும், ஆக்சிஜன் இருக்காது, வெள்ளையா புகை மாதிரி வந்தா பேஷண்டோட வெளிய ஓடணும். அந்தப் பைப் வாய மாடில போயி பாத்துட்டு வாங்க, புறா கூடு கட்டியிருக்கா, தண்ணி டேங்க் பாக்க வர்ற ப்ளம்பர் பக்கத்துலயே நிக்கற மாதிரி இருக்கான்னு. தீ விபத்துன்னா ஃபயர் சர்வீஸ்காரங்க கோடாலியோட வருவாங்க, அவங்களுக்கும் முன்கூட்டியே ஒரு நாள் சொல்லி வைக்கறது நல்லது.

டெக்னீஷியனுக்கும் ஒரு வார்த்த, தீக்காயம். கை ரெண்டையும் கோத்துக்கிட்டு படுத்தா, தொடையும் தொடையும் ஒட்டிக்கிட்டு இருந்தா, ஈசிஜி வயர் சுருண்டு தோல்ல கெடந்தா அங்க சூடு ஏறி தோல் வெந்துரும். தர்மபுரி பக்கம் ஃப்ளூரைடு தண்ணி குடிச்சு முதுகெலும்பு இறுகிப் போன பெரியவங்க ஸ்பைன் ஸ்கேனுக்கு வருவாங்க, நேரா படுக்க முடியாது, மெஷின் சுவத்துல முட்டிக்கிட்டு படுப்பாங்க, நடுவுல பேட் வைக்காம விடாதீங்க. காதுல பஞ்சு போதாது, இயர்ப்ளக். பேஷண்ட் கையில நம்மள கூப்பிடற பஸ்ஸர குடுத்து ஒரு தடவ அமுக்கச் சொல்லிப் பாருங்க.

இப்ப கூட்டற அக்கா. அவங்க பயம் நியாயமானதுதான், எடம்தான் மாறிப் போச்சு. எம்ஆர்ஐல கதிர்வீச்சே இல்ல, அங்க பயப்பட வேண்டியது காந்தத்துக்கு. பிளாஸ்டிக் பக்கெட், பிளாஸ்டிக் மாப்புன்னு அந்த ரூமுக்குன்னே தனியா ஒரு செட் வாங்கி கலர் டேப் ஒட்டிக் குடுங்க, ஊக்கு இல்லாம உள்ள போகட்டும், டெக்னீஷியன் பாத்துக்கிட்டு இருக்கணும். கதிர் இருக்கறது சிடில. அதுவும் ஸ்கேன் ஓடற அந்த சில விநாடி மட்டும்தான், ஸ்விட்ச் நின்னதும் கதிரும் நின்னுரும், ரூம்லயோ பேஷண்ட் மேலயோ ஒட்டிக்கிட்டு இருக்காது. அதனால கதவுக்கு மேல செவப்பு லைட் எரியும்போது உள்ள போகாதீங்க, கதவத் தொறக்காதீங்க, அவ்ளோதான் அவங்களுக்கு. சிடி ஸ்டாஃப் போடற டிஎல்டி பேட்ஜ (அவங்க மேல கதிர் எவ்ளோ பட்டுச்சுன்னு காட்டறது) லெட் ஏப்ரனுக்கு, அதாவது ஈயக் கவசத்துக்கு, உள்பக்கம் நெஞ்சுல மாட்டணும், மாத்தி மாத்தி போடக்கூடாது, பேட்ஜோட கோட்ட சிடி ரூம்லயே தொங்க விட்டுட்டு வீட்டுக்குப் போகக்கூடாது, அப்புறம் மூணு மாசம் கழிச்சு ரிப்போர்ட்ல டோஸ் ஏறி வந்து எல்லாரும் பதறுவீங்க. வேல செய்றவங்களுக்கு இந்தியால வரம்பு 5 வருஷ சராசரில வருஷத்துக்கு 20 மில்லிசீவர்ட் (உடம்புல பட்ட கதிரோட அளவு), எந்த ஒரு வருஷமும் 30 தாண்டக்கூடாது.

சிடிக்கு ஏஇஆர்பி (அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம்) லைசென்ஸ் வேணும், ஆர்எஸ்ஓ (கதிர்வீச்சு பாதுகாப்பு அதிகாரி) வேணும், ரெக்கார்ட் கேப்பாங்க. எம்ஆர்ஐ ஏஇஆர்பி கணக்குலயே வராது, கதிர் இல்லாததால. ஓனருங்க எம்ஆர்ஐ ட்ரெயினிங்க தள்ளிப் போடறதுக்கு இதுதான் பாதி காரணம்னு நான் நெனைக்கறேன், கேக்க ஆளில்ல.

ரிசப்ஷன் பொண்ணு ரிசப்ஷன்லயே இருக்கட்டும், ஒண்ணும் ஆகாது, எம்ஆர்ஐ பக்கம் நடந்து போனாலும் பரவால்ல, ஸ்கேன் ஓடும்போது மட்டும் காந்த ரூமுக்குள்ள நிக்க வேணாம். சிடில குழந்தைய புடிச்சிக்கோன்னு யாரும் அத கூப்பிடக் கூடாது, ஆள் இல்லாத நாள்ல இதெல்லாம் நடக்கும்னு எனக்குத் தெரியும். சிடி ஸ்டாஃப்ல யாராச்சும் உண்டானா உடனே ஆர்எஸ்ஓகிட்ட சொல்லணும், மீதி மாசம் முழுக்க வயித்துல இருக்கற குழந்தைக்கு 1 மில்லிசீவர்ட் தாண்டாத மாதிரி டூட்டி மாத்திக் குடுக்கறது சென்டரோட பொறுப்பு, சொன்னா வேல போயிருமோன்னு மறைக்கற பொண்ணுங்க இருக்காங்க, நீங்க நர்சு, உங்ககிட்டதான் முதல்ல சொல்வாங்க. ட்ரெயினிங்க காலைல முதல் பேஷண்ட்டுக்கு முன்னாடி முக்கால் மணி நேரம் வெச்சிக்கோங்க, ராத்திரி ஷிஃப்ட் ஆளுங்களும் அப்ப இருப்பாங்க, புதுசா யாரு சேந்தாலும் அன்னிக்கே, மத்தவங்களுக்கு வருஷத்துக்கு ஒரு தடவ. முடிஞ்சதும் கையெழுத்து வாங்கறதுக்கு முன்னாடி வாட்ச்மேன கூப்பிட்டு ஒரே கேள்வி கேளுங்க, கரண்ட் போயிருச்சு, சிலிண்டர் உள்ள போகலாமா? அவர் தயங்கினா அன்னிக்கு கையெழுத்து வாங்காதீங்க.